தாமதமாக அறியப்படும் நோய்: குழந்தைகளின் உடலில் எழுதப்படும் வர்க்க வேறுபாடு

இந்திய மருத்துவ அறிவியலின் வரைபடத்தில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. 1952-ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட வைரஸ் ஆய்வு மையம் இன்று தேசிய வைராலஜி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. 1966-இல் தொடங்கிய சீரம் நிறுவனம், டோஸ் எண்ணிக்கையில் உலகிலேயே மிகப் பெரிய தடுப்பூசி உற்பத்தியாளர். அருகிலுள்ள பிம்ப்ரியில் 1954-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், பொதுத்துறையில் உருவான முதல் மருந்து ஆலை. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த சசூன் பொது மருத்துவமனையும் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியும் அங்கு உள்ளன.

இவ்வளவும் ஒரே நகரத்தைச் சுற்றி அமைந்திருந்தும், பிம்ப்ரி-சின்ச்வட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவரின் குழந்தைக்கு என்ன நோய் என்பது பெரும்பாலும் காலம் கடந்தே தெரியவருகிறது. குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை என்று தாய் முதலில் சொன்ன நாளுக்கும், நோயின் பெயர் மருத்துவச் சீட்டில் எழுதப்படும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடுகின்றன. சிலருக்கு ஆண்டுகளே ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியை விதி என்று சொல்வது வழக்கம். அது உண்மையில் ஓர் அரசியல் இடைவெளி. வசதி படைத்த குடும்பம் பிறந்த மூன்றாம் நாளே சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்ளும் பரிசோதனை, உழைக்கும் குடும்பத்துக்கு இருப்பதாகக்கூடத் தெரிவதில்லை.

ஒரு துளி இரத்தம்

காலத்தின் மதிப்பை விளக்கப் பிறவித் தைராய்டு குறைபாடு ஒன்றே போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 1,100 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறைபாட்டுடன் பிறப்பது கண்டறியப்பட்டது. பிறந்தவுடன் குழந்தை இயல்பாகவே தோன்றும். பின்னர் மஞ்சள் காமாலை நீடிக்கும், மலச்சிக்கல் இருக்கும், அழுகுரல் கரகரக்கும், நாக்கு பெரிதாகத் தெரியும், குழந்தை அதிக நேரம் உறங்கும். 'தொல்லை தராத பிள்ளை' என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில் மூளையின் வளர்ச்சி தடைப்பட்டுக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் கண்டறிந்து, மிக மலிவான தைராக்சின் மாத்திரையை நாள்தோறும் கொடுத்தால் அக்குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளி செல்லும். ஆறு மாதம் கழித்துக் கண்டறிந்தால் அதே மாத்திரையால் இழந்த அறிவு வளர்ச்சியை முழுமையாக மீட்க இயலாது. இரண்டு நிலைகளிலும் நோய் ஒன்று, மருந்து ஒன்று. வேறுபடுவது கண்டறிந்த நாள் மட்டுமே.

குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் இராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் இம்முறை பணக்கார நாடுகளுக்கே உரியது என்ற வாதத்தைக் கியூபா தகர்த்தது. அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்கு நடுவே, இறக்குமதிக் கருவிகளைச் சார்ந்திராமல் 'சுமா' என்ற சொந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்து, 1986 முதல் பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கான பரிசோதனையை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது அந்தச் சிறிய சோசலிச நாடு. தேசிய வருமானத்தின் அளவைக் காட்டிலும், அந்த வருமானத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்ற முடிவே இதில் தீர்மானகரமானது.

இந்தியாவிலும் இது இயலாத காரியம் அல்ல. கோவா 2008-இலேயே தொடங்கியது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு, பிறவி அட்ரீனல் கோளாறு, ஜி6பிடி குறைபாடு, கேலக்டோசீமியா ஆகியவற்றுக்கான பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில், பிறவி இதயக் கோளாறு கொண்ட குழந்தைகளுக்காக 2017-இல் 'ஹிருதயம்' திட்டமும், அரிய நோய்களுக்காக 2024-இல் 'கேர்' திட்டமும் தொடங்கப்பட்டன. நாடு முழுவதற்குமான கட்டாயப் பச்சிளங்குழந்தைப் பரிசோதனைத் திட்டம் மட்டும் இன்றுவரை இல்லை.

பிள்ளைத்தமிழ் சொல்லும் பருவங்கள்

இரத்தப் பரிசோதனையால் எல்லா நோயும் தெரிந்துவிடுவதில்லை. பல கோளாறுகளைக் கண்களாலேயே கண்டறிய வேண்டியிருக்கிறது. தமிழ் மரபுக்கு இது புதிதும் அன்று. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடுகிறது. ஐந்தாம் மாதத்தில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் அமர்ந்து கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வரும் வாரானை என்று பாட்டியல் நூல்கள் வகுத்த வரிசை, இன்றைய குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. குழந்தையை உற்றுநோக்கிய தாய்மாரின் பல தலைமுறை அனுபவமே புலவர்களின் இலக்கணமாயிற்று.

அந்த அனுபவத்தை மருத்துவ அறிவோடு இணைக்க வேண்டும். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஐந்து மாதத்தில் கழுத்து நிற்காத குழந்தை, பத்து மாதத்தில் துணையின்றி உட்காராத குழந்தை, ஒன்றரை வயதில் நடக்காத குழந்தை, ஓராண்டு ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு: பழகிய திறனை இழப்பது. உட்கார்ந்துகொண்டிருந்த குழந்தை உட்கார முடியாமல் போவதும், பேசிய குழந்தை பேச்சை மறப்பதும் ஒருநாளும் காத்திருக்கக் கூடாதவை.

வேறு அடையாளங்களும் உள்ளன. பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குவதும் உதடு நீலம் பாய்வதும் இதயக் கோளாற்றைக் காட்டலாம். கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் பிறவிக் கண்புரையோ விழித்திரைப் புற்றோ இருக்கக்கூடும். ஆறு மாதத்துக்குப் பின் குழந்தை வெளிறிக்கொண்டே போய் வயிறு உப்பினால் தலசீமியாவை ஐயுற வேண்டும். கைவிரல்களும் பாதங்களும் வீங்கி வலியால் துடித்தால் அரிவாள் செல் இரத்தசோகையாக இருக்கலாம். தவழத் தொடங்கியதும் காரணமின்றி நீலத் தழும்புகள் தோன்றினால் ஹீமோபிலியாவுக்கான சோதனை தேவை. மூன்று நான்கு வயதுச் சிறுவன் தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளின் மேலேயே கையூன்றி ஏறுவதுபோல் எழுந்தால், கெண்டைக்கால் சதை பருத்திருந்தால், அது டுஷேன் தசைச் சிதைவின் அடையாளம். ஒரே குடும்பத்தில் காரணம் தெரியாமல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருந்தால், அதைச் சாபம் என்று ஒதுக்காமல் மரபணு ஆலோசனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேச்சு வரப்பெற்றார் என்பது செவிவழி வரலாறு. 'இவனும் பேசிவிடுவான், அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். பேசாமை பெரும்பாலும் கேளாமையின் விளைவு. மொழியைக் கற்கும் மூளையின் ஆற்றல் முதல் சில ஆண்டுகளிலேயே செறிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் வாய்ப்பு உள்ளது. அந்த வாய்ப்பைக் காத்திருப்பிலேயே கரைத்துவிடும் குழந்தைகளின் இழப்பை வாழ்நாள் முழுதும் ஈடுசெய்ய இயலாது.

யார் பார்க்கிறார்கள்?

இந்த அடையாளங்களைப் பார்க்கும் பொறுப்பை அரசு ஏட்டளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பிறவிக் கோளாறுகள், ஊட்டச்சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நான்கு பிரிவுகளில் 30 நிலைமைகளைப் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிவது அதன் நோக்கம். இரண்டு ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டில் ஒருமுறையும் செல்ல வேண்டும். பிறந்த ஆறு வாரங்கள் வரை வீட்டுக்குச் சென்று பார்ப்பது ஆஷா ஊழியரின் பணி. கண்டறியப்பட்ட குழந்தைகள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.

திட்டத்தின் வடிவமைப்பில் பெருங்குறை இல்லை. ஆனால் அது ஒரே இடத்தில் தங்கி வாழும் குடும்பத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது. புனே மாவட்டத்தின் உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் அப்படி வாழ்பவர் அல்லர். பீட் முதலிய மராத்வாடா மாவட்டங்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கரும்பு வெட்டும் குடும்பங்கள் மேற்கு மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைப் பகுதிகளுக்குப் பெயர்கின்றன. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே 'கொய்தா' என்று, அதாவது ஓர் அரிவாள் என்று, கணக்கிட்டு முன்பணம் தரும் முறை அங்கு நிலவுகிறது. மனிதரையே கருவியின் பெயரால் எண்ணும் அமைப்பில், வயல் ஓரக் குடிசையில் கிடத்தப்பட்டிருக்கும் குழந்தை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சொந்த ஊர் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும்போது குழந்தை புனே மாவட்டத்தில் இருக்கிறது. புனேயில் குழு வரும்போது அதன் பெயர் பதிவேட்டில் இல்லை. நகரத்தின் கட்டுமானத் தளங்களிலும் செங்கல் சூளைகளிலும் வளரும் குழந்தைகளின் நிலையும் இதுவே. கட்கி, தேகு ரோடு பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ் உழைப்பாளர்களுக்கு மொழித் தடையும் சேர்ந்துகொள்கிறது. தாய் தன் ஐயத்தைத் தமிழில் சொன்னால் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் சுகாதார ஊழியர் கிடைப்பது அரிது.

இந்த முழுக் கண்காணிப்பையும் தாங்கி நிற்பவர் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும். ஒன்றிய அரசு அவர்களைத் தொழிலாளர் என்று ஏற்க மறுத்து, 'கௌரவ ஊழியர்', 'தன்னார்வலர்' என்று பெயரிட்டு, ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை தருகிறது. அவர்களைத் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-இல் நடைபெற்ற 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் தங்கள் கோரிக்கைகளுக்காக 2023 டிசம்பர் 4 முதல் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆஷா ஊழியர்களும் அதே காலத்தில் தெருவில் இறங்கிப் போராடினர். அப்போராட்டங்களைக் கூலி உயர்வுக்கான போராட்டம் என்று மட்டும் பார்ப்பது பிழை. ஓர் ஊழியரின் தோளில் எண்ணற்ற பதிவேடுகளையும் செல்பேசிச் செயலிகளையும் சுமத்திவிட்டால், குழந்தையின் கண்மணியை உற்றுப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? அவரது வேலை நிலைமைதான் குழந்தையின் நோயறியும் நிலைமையும் ஆகிறது.

இப்பணியின் பெருமையைப் புனேயின் வரலாறே சொல்கிறது. 1897-இல் அந்நகரைப் பிளேக் தாக்கியபோது, நோயுற்ற ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து, மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார் சாவித்திரிபாய் பூலே. அந்நோய் அவரையும் தொற்றி, மார்ச் 10 அன்று உயிர் பறித்தது. அவருக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டும் அரசுகள், அதே பணியை இன்று செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மறுக்கின்றன.

இரத்தத்தில் படிந்த சாதி

மரபணுக் கோளாறுகளைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒடுங்குநிலைக் கோளாறுகளில் தாயும் தந்தையும் ஒரே பழுதடைந்த மரபணுவின் சுமப்பவர்களாக இருந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும். ஒவ்வொரு கருத்தரிப்பிலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவருக்கு எந்தத் துன்பமும் இராது. சிறிய குழுவுக்குள்ளேயே தலைமுறைதோறும் மணஉறவு நடந்தால், இரு சுமப்பவர்கள் இணையும் வாய்ப்பு பெருகும்.

ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் பங்கேற்று 2017-இல் வெளிவந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 மக்கள் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களில் அகமண அடையாளம் ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கநாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக இருந்தது. அவ்விரு மக்களும் மரபு நோய்களுக்காக உலகளவில் மிகுதியாக ஆராயப்பட்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அகமணமே சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் நிறுவினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் மரபணுவியல் அதையே குழந்தைகளின் இரத்தத்தில் படித்துக் காட்டியிருக்கிறது. சாதி மறுப்புத் திருமணத்துக்கான இயக்கம் சமூக நீதிக்கான இயக்கம் என்பதோடு பொதுச் சுகாதாரத்துக்கான இயக்கமும் ஆகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காடு திருமணங்கள் நெருங்கிய உறவுக்குள் நடக்கின்றன. அத்தை மகள், மாமன் மகன் உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு பொதுவான வாய்ப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தாய்மாமன் திருமணத்தில் அது மேலும் கூடும். இதைச் சொல்லும்போது அச்சமூட்டுவதும் பழிசுமத்துவதும் தகாது. உறவில் மணந்த பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. நிலமும் நகையும் குடும்பத்தைவிட்டுப் போகக்கூடாது என்ற சொத்துறவே இவ்வழக்கத்தின் அடித்தளம் என்பதை விளக்கி, மணத்துக்கு முன் பரிசோதனையும் ஆலோசனையும் பெறும் வழக்கத்தைப் பரப்புவதே சரியான அணுகுமுறை.

எந்த மரபுக்கோளாறும் எந்த மக்களின் 'இழிவும்' அல்ல. அரிவாள் செல், தலசீமியா ஆகியவற்றின் பழுதடைந்த மரபணு, சுமப்பவரை மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கிறது. தலசீமியாவுக்கும் மலேரியாவுக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருக்கலாம் என்று 1949-இல் முன்மொழிந்தவர், மார்க்சியரும் பின்னர் இந்தியக் குடிமகனாகி இங்கேயே மறைந்தவருமான ஜே.பி.எஸ். ஹால்டேன். இனத்தூய்மைக் கொள்கைகளை அறிவியலின் பெயராலேயே எதிர்த்தவர் அவர். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது நீலகிரி மலையில். அம்மலையின் பழங்குடிகள் முதல் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார், கட்சிரோலி பழங்குடிகள் வரை அது பரவியிருப்பதற்குக் காரணம் மலேரியா மண்டிய காடுகளில் அவர்கள் வாழ்ந்த வரலாறே. பிரிவினையின்போது அகதிகளாக வந்து பிம்ப்ரியில் குடியேறிய சிந்தி மக்களிடம் தலசீமியா மிகுந்திருப்பதும் இத்தகைய வரலாற்றின் தடமே.

அறிவியல் முறைகளை ஆணாதிக்கம் எப்படித் திருடிக்கொள்ளும் என்பதற்கும் மகாராஷ்டிரமே சான்று. மரபணுக் கோளாறுகளைக் கண்டறியவென்று வந்த பனிக்குட நீர்ப் பரிசோதனை, பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிக்கும் வணிகமாயிற்று. பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தால் மகாராஷ்டிரம் 1988-இல் நாட்டின் முதல் தடைச் சட்டத்தை இயற்றியது. 1994-இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. நோயறிதலுக்கான கோரிக்கை ஒருபோதும் 'குறையற்ற' மனிதரை மட்டும் வாழவிடும் கோரிக்கையாகத் திரிந்துவிடக் கூடாது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், தசைச் சிதைவு ஆகியவற்றை 21 வகை மாற்றுத்திறன்களுள் சேர்த்திருக்கிறது. குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்காகத் தாயை மட்டும் குற்றவாளியாக்கி வீட்டைவிட்டுத் துரத்தும் கொடுமையைத் தடுப்பதும் இப்பணியின் பகுதியே.

அறிந்த பின் என்ன?

நோயின் பெயர் தெரிந்த பிறகு தொடங்குகிறது இன்னொரு போர். எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசைநார் சிதைவு நோய் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றைத் தாக்குகிறது. அதற்கான மரபணு மருந்தான ஜோல்ஜென்ஸ்மாவின் விலை 2019-இல் 21 லட்சம் டாலர். இந்தியச் செய்தித்தாள்களில் அது '16 கோடி ரூபாய் ஊசி' என்று பெயர் பெற்றது. 2021-இல் மகாராஷ்டிரத்தின் பெற்றோர்கள் அத்தொகைக்காக ஊரார் முன் கையேந்தினர். மும்பைக் குழந்தை ஒன்றுக்காகச் சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்ததே ஒன்றிய அரசின் பெருங்கொடையாகப் பேசப்பட்டது. புனே பகுதியில் மக்கள் திரட்டிய நிதியில் அம்மருந்தைப் பெற்ற ஒரு குழந்தை சில வாரங்களிலேயே மறைந்தது. அம்மருந்து, நோய் அறிகுறிகள் தோன்றும் முன்பே கொடுக்கப்படும்போதுதான் மிகுந்த பயன் தருகிறது. நிதி திரட்டுவதில் கழியும் ஒவ்வொரு வாரமும் நரம்பணுக்கள் இறக்கும் வாரம்.

2021-இன் தேசிய அரிய நோய்கள் கொள்கை முதலில் 20 லட்சம் ரூபாய் வரம்பு விதித்தது. 2022-இல் அது 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படும் குழந்தைக்கு ஒருமுறை தரும் தொகை தீர்ந்த பின் என்ன வழி என்பதற்கு அக்கொள்கையில் விடை இல்லை. மாறாக, பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட அரசே ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. உரிமையாக அளிக்க வேண்டியதைத் தருமமாகக் கேட்கச் சொல்வதே தாராளமயத்தின் நியாயம். மேற்கு இந்தியாவின் குழந்தைகளுக்கு இக்கொள்கையின் உயர்சிறப்பு மையம் மும்பை கே.இ.எம். மருத்துவமனை, தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. மையங்களின் எண்ணிக்கை நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்கதே.

விலை என்பது இயற்கையின் நியதி அல்ல என்பதை ரிஸ்டிப்ளாம் வழக்கு மெய்ப்பித்தது. எஸ்.எம்.ஏ. குழந்தைகள் வாய்வழி உட்கொள்ளும் இம்மருந்தின் காப்புரிமையை வைத்திருந்த சுவிஸ் நிறுவனம் ரோஷ், ஒரு புட்டியைச் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனமான நாட்கோ அதே மருந்தைத் தயாரிக்க முற்பட்டபோது ரோஷ் நீதிமன்றத்தை நாடியது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. மேல்முறையீடு அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். ஆறு லட்சத்துக்கும் பதினாறாயிரத்துக்கும் இடையிலான தொகைக்கு ஏகபோகம் என்று பெயர். உள்ளீட்டுச் செலவோ ஆராய்ச்சிச் செலவோ அதை நியாயப்படுத்தாது. 2005-இல் காப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தபோது இடதுசாரிக் கட்சிகள் வற்புறுத்திச் சேர்க்கச் செய்த பாதுகாப்புப் பிரிவுகளின் மதிப்பு இத்தகைய வழக்குகளில் விளங்குகிறது. கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரம் அரசின் கையில் இருந்தும், அதை அரிய நோய் மருந்துகளுக்குப் பயன்படுத்த ஒன்றிய அரசு முன்வரவில்லை.

எல்லா மருந்தும் கோடிகளில் விலை கொண்டதன்று. அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்கு ஐந்து வயது வரை நாள்தோறும் இருவேளை பென்சிலின் கொடுத்தால், உயிர் பறிக்கும் நிமோகாக்கஸ் தொற்றைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1986-இல் வெளிவந்த ஆய்விலேயே உறுதியாயிற்று. அந்தப் பென்சிலினை இந்தியாவில் முதலில் பேரளவில் உற்பத்தி செய்தது பிம்ப்ரியின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையே. தாராளமயத்துக்குப் பின் மலிவு இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டு, பொதுத்துறை ஆலைகள் நிதியின்றி வாடவிடப்பட்டன. தொழிலாளர்கள் ஊதியமின்றித் தவித்தனர். 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை அவ்வாலையின் உபரி நிலத்தை விற்கவும் ஆலையையே தனியாருக்குக் கைமாற்றவும் முடிவெடுத்தது. அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிப்போம் என்று 2023 ஜூலையில் ஷாதோலில் முழங்கிய அதே அரசு இது. பழங்குடிக் குழந்தையின் கையில் வண்ண அட்டையைத் தந்துவிட்டு, அட்டைக்குப் பின் வர வேண்டிய மாத்திரையைச் சந்தையிடம் விட்டுவிடுவது ஒழிப்பு இயக்கம் ஆகாது.

கோரிக்கைகளும் கடமைகளும்

2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக வாக்களித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது, வாக்குறுதி நிறைவேறவில்லை. இந்நிலையில் இடதுசாரி இயக்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனை சட்டப்படியான உரிமையாக வேண்டும். குழந்தைகள் நலப் பரிசோதனை புலம்பெயர் குடும்பங்களைப் பின்தொடரும்படி, எந்த மாவட்டத்திலும் செல்லத்தக்க பதிவு முறை வேண்டும். கரும்பு வயல்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் மருத்துவக் குழுக்கள் செல்ல வேண்டும். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் நிரந்தரத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட்டு, நோய் அடையாளம் காணும் பயிற்சி பெற வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மரபணு ஆலோசகர் நியமிக்கப்பட வேண்டும். அரிய நோய் மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் வழங்கி, இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் போன்ற பொதுத்துறை ஆலைகளில் உற்பத்தி செய்ய வேண்டும். ஐம்பது லட்ச வரம்பு நீக்கப்பட்டு, சிகிச்சை முழுவதும் அரசின் பொறுப்பாக வேண்டும்.

கோரிக்கை எழுப்புவதோடு பணி முடிந்துவிடாது. கட்சிக் கிளைகளும் மாதர், வாலிபர், தொழிற்சங்க அமைப்புகளும் இயங்கும் குடியிருப்புகளில், மேலே கூறிய அடையாளங்களை ஒரு சிறு துண்டறிக்கையில் அச்சிட்டு வீடுவீடாகச் சேர்ப்பது எளிது. புனேயிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதைத் தமிழிலும் மராத்தியிலும் தரலாம். ஐயத்துக்குரிய குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது தாயுடன் ஒரு தோழர் செல்வது, 'நாளை வா' என்ற பதிலை 'இன்று பார்' என்று மாற்ற வல்லது. அனுப்புச்சீட்டு பெற்ற குழந்தை மாவட்ட மையத்தை உண்மையில் அடைந்ததா, சிகிச்சை தொடர்கிறதா என்று மூன்று மாதம் கழித்துக் கேட்டறிவதும் அமைப்புப் பணியே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக, தத்தம் மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்ற எண்களைப் பெற்று மக்கள் முன் வைக்கலாம். அந்த இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடே போராட்டத்தின் தொடக்கப் புள்ளி.

குழந்தையின் நோய் எந்தக் குடும்பத்தின் தனித்துயரும் அல்ல. அதை உரிய காலத்தில் அறியும் வாய்ப்பை யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை மாற்றும் ஆற்றல், ஆய்வகங்களையும் ஆலைகளையும் சாலைகளையும் தம் உழைப்பால் எழுப்பிய மக்களிடமே உள்ளது. அவர்களைத் திரட்டுவது கட்சியின் கடமை.